ஒரே செடி: இலைக்கு ஒரு நியாயம், பூவுக்கு ஒரு நியாயம்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டைக்கு அருகில் ஒரு கடை இருக்கிறது. 'அரசு அங்கீகாரம் பெற்ற பாங் கடை' என்று பலகை மாட்டியிருப்பார்கள். கஞ்சாச் செடியின் இலையை அரைத்து, பாலோ மோரோ கலந்து கொடுப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காசியிலும் இப்படிக் கடைகள் உண்டு. ஹோலி, மகா சிவராத்திரி நாட்களில் வட மாநிலங்களில் பல குடும்பங்களில் பெரியவர்கள் பாங் கலந்த தண்டாய் என்ற பால் பானத்தைக் கூச்சமின்றிக் குடிப்பார்கள்.

அதே செடியின் பூவைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த இருபது வயதுப் பையனை நம் ஊரில் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். மேசை மேல் பொட்டலங்களைப் பரப்பி, பின்னால் தலை குனிந்த இளைஞர்களை நிறுத்தி எடுத்த படத்தை நாளிதழ்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கலாமா கூடாதா என்ற விவாதம் நம்மிடையே வரும்போதெல்லாம், இந்தியாவில் இந்தச் செடி முழுவதுமாகத் தடை செய்யப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டே பேசத் தொடங்குகிறோம். அப்படித் தடை எதுவும் இல்லை. செடியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, சிலதை விட்டு, சிலதைப் பிடித்திருக்கிறது நம் சட்டம். அந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், வழக்கறிஞர்கள் சொல்கிறபடி என்.டி.பி.எஸ். சட்டம், செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதியைத்தான் கஞ்சா என்கிறது. பிசினைத் தனியாகப் பிரித்தெடுத்தால் அது சரஸ். நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. வட இந்தியாவின் பாங் கடை நிற்பது இந்த ஒற்றை விலக்கின் மேல்தான். இலையை என்ன செய்வது என்பதை மாநிலங்கள் தத்தம் சட்டப்படி முடிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் பாங் கடை கிடையாது. 2022இல் பாங் வைத்திருந்ததற்காகப் பெங்களூரில் கைதான ஒருவருக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தபோது, பாங் இந்தச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பொருள் என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொன்னது.

அடுத்தது எடை. 2001இல் வந்த திருத்தத்தின்படி கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. சரஸுக்கு இதே எல்லைகள் 100 கிராம், 1 கிலோ. சிறிய அளவு கஞ்சாவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. எதையும் வைத்திருக்காமல் வெறுமனே உட்கொண்டதற்கே 27ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு.

இருபது கிலோ என்ற அந்தக் கோட்டைத் தாண்டினால் 37ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும். குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டால் மீண்டும் குற்றம் செய்ய மாட்டார் என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் பிணை. விசாரணை தொடங்குவதற்கு முன்பே கிட்டத்தட்ட விடுதலைக்கான காரணத்தை எதிர்பார்க்கிற நிபந்தனை அது. அப்படியிருக்க, எதை எடை போட்டார்கள் என்பதே தலைவிதியைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது. பறிமுதல் செய்யும்போது இலை, தண்டு, விதை எல்லாவற்றையும் மூட்டையோடு சேர்த்துத் தராசில் வைத்துவிடுகிறார்கள். சட்டப்படி இலையும் விதையும் கஞ்சாவில் சேராது என்பதால், பூ மட்டும் எவ்வளவு என்று கேட்டுப் பல உயர் நீதிமன்றங்களில் வாதங்கள் நடந்திருக்கின்றன. அந்தக் காரணத்துக்காகவே பிணை கிடைத்த வழக்குகளும் உண்டு. நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவருக்குத்தான் இந்த வாதமெல்லாம் கைகொடுக்கிறது.

இலைக்கும் பூவுக்கும் நடுவில் இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஒப்பந்தத்திலிருந்து. கஞ்சாவை ஹெராயின் வரிசையில் வைத்து உலகம் முழுக்கத் தடுக்க வேண்டும் என்பது அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் எண்ணம். பாங் குடிப்பது மக்கள் வழக்கத்தில் ஊறிய நாடு இந்தியா. அந்த இழுபறியில் இலை தப்பியது, பூ மாட்டிக்கொண்டது. மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசமும் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1964 டிசம்பரில். கெடு நெருங்கிக்கொண்டிருந்த 1985 ஆகஸ்ட் 23 அன்று ராஜீவ் காந்தி அரசு மசோதாவைக் கொண்டுவந்தது. செப்டம்பர் 16இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலே கிடைத்துவிட்டது. நூற்றாண்டுகளாக உரிமம், வரி என்று கையாளப்பட்டு வந்த ஒரு பொருளின் தலையெழுத்தை மாற்ற நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது நான்கு வாரத்துக்கும் குறைவான காலம்.

அதற்கு முன்பு இதே கேள்வி இந்தியாவில் நிதானமாக, விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது என்பது இன்றைய விவாதங்களில் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. 1893 மார்ச்சில், மதுவிலக்குக்காகப் போராடிவந்த வில்லியம் கெய்ன் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். இந்தியாவின் மனநலக் காப்பகங்கள் கஞ்சாவால் பைத்தியம் பிடித்தவர்களால் நிரம்பிக் கிடக்கின்றன என்ற பேச்சு அப்போது லண்டன் வரை போயிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மாக்வொர்த் யங் தலைமையில் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது (சணல் என்பது இங்கே கஞ்சாச் செடியைத்தான் குறிக்கும்). ஏழு உறுப்பினர்கள், அவர்களில் மூவர் இந்தியர். மருத்துவர்கள், வரி அதிகாரிகள், பயிரிட்டவர்கள், துறவிகள் என்று 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றார்கள். 1894இல் வெளிவந்த அறிக்கை மூவாயிரம் பக்கங்களைத் தாண்டியது.

அந்த அறிக்கையில் என்னை மிகவும் பாதித்த பகுதி காப்பகப் பதிவேடுகளைப் பற்றியது. ஒருவரைக் காப்பகத்தில் சேர்க்கும்போது 'நோயின் காரணம்' என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். தெருவில் அலைந்தவரைப் பிடித்துக்கொண்டு வரும் காவலருக்கு அவருடைய பூர்வ கதை எங்கே தெரியும்? கஞ்சா பிடிப்பாரா என்று விசாரிப்பார்கள், ஆமாம் என்று யாராவது சொன்னால் கட்டத்தில் 'கஞ்சா' என்று எழுதிவிடுவார்கள். ஆண்டுதோறும் அதைக் கூட்டிப் பார்த்து, கஞ்சாவால் இத்தனை பேருக்கு மனநோய் என்று புள்ளிவிவரம் வெளியானது. ஆணையம் 1892ஆம் ஆண்டின் பதிவுகளை எடுத்து ஒவ்வொருவருடைய கதையையும் திரும்ப விசாரித்தது. பெரும்பாலானவற்றில் காரணம் நிரூபணமாகவில்லை.

அளவோடு பயன்படுத்துவோருக்கு நடைமுறையில் தீங்கு தெரியவில்லை, மிதமிஞ்சிப் பயன்படுத்துவோருக்கு உடலும் மனமும் கெடுகின்றன, முழுத்தடை தேவையுமில்லை, சாத்தியமுமில்லை, உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்துங்கள் என்று முடித்தது ஆணையம். கஞ்சா வரியில் அன்றைய அரசுக்கு நல்ல வருமானம் இருந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். வங்காளத்தின் நவ்காவில் அரசின் மேற்பார்வையிலேயே கஞ்சா பயிரானது. வரி வாங்குகிறவர் தடையைப் பரிந்துரைக்காததில் வியப்பில்லை என்று யாராவது சொன்னால் அதில் நியாயம் உண்டு. அப்படியும், பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்த அந்த உழைப்பு உண்மையானது. 1985இல் அப்படி எதையும் நாம் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு 'அன்றே தீர்ப்பாகிவிட்டதே' என்று சட்டப்பூர்வமாக்கும் தரப்பினர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளை இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் அவருடைய சகாவும் பிரித்தறிந்ததே 1964இல்தான். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி. அளவு 1995இல் சுமார் 4 சதவீதம். இப்போது 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. கொண்ட கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துவோருக்கு, தொடாதவர்களோடு ஒப்பிட்டால், உளப்பிறழ்வு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. காரணமும் விளைவும் எந்த அளவுக்குப் பின்னிக் கிடக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆனாலும் குடும்பத்தில் மனநோய் வரலாறு இருப்பவர்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இதைத் தொடவே கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. பயன்படுத்தத் தொடங்குவோரில் சுமார் 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள். பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். 'கஞ்சா மூலிகைதான், அடிமையாக்காது' என்று கல்லூரி விடுதிகளில் உலவும் நம்பிக்கை பொய்.

மருத்துவப் பயன் பற்றிய பேச்சு இரண்டு பக்கமும் மிகைப்படுத்தப்படுகிறது. புற்றுநோய் குணமாகும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. நாள்பட்ட வலி, கீமோதெரபிக்குப் பிறகு வரும் வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் ஏற்படும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குப் பயன் இருப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை சொன்னது. போதை தராத சி.பி.டி. என்ற கூறிலிருந்து செய்த எபிடியோலெக்ஸ் மருந்துக்கு, குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரண்டு வகை வலிப்பு நோய்களுக்காக 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தான பொருள்களின் நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. அந்த 27 வாக்குகளில் இந்தியாவுடையதும் ஒன்று. அந்த வாக்கெடுப்பு நடந்த வியன்னாவில் நாம் எடுத்த நிலைப்பாட்டுக்கும் நம் காவல் நிலையங்களில் நடப்பதற்கும் உள்ள தூரம் எனக்கு வருத்தம் தருகிறது.

'சட்டப்பூர்வமாக்குவது' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. பயன்படுத்துகிறவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது ஒன்று. கடை திறந்து விற்பது இன்னொன்று. முதலாவதைச் செய்ய இரண்டாவது வேண்டியதில்லை.

போர்ச்சுகல் முதலாவதைச் செய்தது. 2001 ஜூலையிலிருந்து அங்கே எந்தப் போதைப்பொருளாக இருந்தாலும், பத்து நாள் தேவைக்குள் அடங்கும் அளவை வைத்திருப்பது குற்ற வழக்காகாது. பொருள் பறிமுதல் ஆகும். அந்த நபர் ஒரு குழுவின் முன்னால் வர வேண்டும். சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்த மூன்று பேர் கொண்ட குழு அது. அடிமைப்பட்டவர் என்று தெரிந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். எப்போதோ ஒருமுறை பயன்படுத்தியவர் என்றால் பேசி அனுப்பிவிடுவார்கள். விற்பவருக்குச் சிறை அப்படியே இருக்கிறது.

உருகுவே 2013இல் சட்டம் இயற்றி, பின்னர் மருந்துக் கடைகள் வழியாகவே விற்றது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் கடைகளைத் திறந்தது. அங்கே கஞ்சா வைத்திருந்ததற்கான வழக்குகள் மளமளவென்று குறைந்தன, வாங்குவோரில் பெரும்பகுதியினர் மெல்ல மெல்லச் சட்டப்படியான கடைக்கு மாறினார்கள். கூடவே, மிட்டாய் வடிவக் கஞ்சாவைத் தெரியாமல் தின்ற சிறு குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவதும் ஒன்டாரியோவில் கூடியது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கடை எதுவும் திறக்காமல், வீட்டில் மூன்று செடி, வெளியே 25 கிராம் என்று அனுமதித்தது.

தாய்லாந்தின் கதையை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மருத்துவத்துக்காக என்றுதான் சொன்னார்கள். ஆனால் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றுவதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. கடன் வாங்கிக் கடை வைத்தவர்களும் விவசாயிகளும் நடுத்தெருவில் நின்றார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலைப் பகுதியில் கஞ்சா பயிரானது. காவல்துறையின் தொடர் நடவடிக்கையில் அது ஒடுங்கியது. இப்போது தமிழ்நாட்டுக்கு வருவதில் பெரும்பகுதி ஆந்திராவின் விசாகப்பட்டினத்தை ஒட்டிய மலைப் பகுதிகளிலிருந்தும் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பகுதிகளிலிருந்தும் வருகிறது. பயிரிடுபவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்கள். விதையும் முன்பணமும் வெளியூர் வியாபாரிகளுடையவை. ஆந்திரக் காவல்துறை 2021-22இல் 7,500 ஏக்கருக்கு மேல் பயிரை அழித்தது; 2022 பிப்ரவரியில் அனகாபள்ளிக்கு அருகில் 2 லட்சம் கிலோவைக் குவித்து எரித்தார்கள். அதே ஆண்டு தமிழகத்தில் 'கஞ்சா வேட்டை' இரண்டாம் கட்டம் நடந்தது. இங்கிருந்து ஒரு பகுதி கடல் வழியாக இலங்கைக்கும் போகிறது. யாழ்ப்பாணச் செய்திகளில் அடிக்கடி வரும் 'கேரள கஞ்சா' என்ற பெயருக்குப் பின்னால் இந்தியக் கடற்கரையிலிருந்து கிளம்பும் படகுகள் இருக்கின்றன.

ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் முளைக்கிறது. வருசநாட்டில் ஒடுங்கியபோது தமிழ்நாட்டில் புகைப்பது நின்றுவிடவில்லை. மலைமேல் இருக்கும் பழங்குடியும், பேருந்தில் மூட்டை சுமந்து வருகிற கூலியும், பொட்டலத்தோடு பிடிபடும் மாணவனும்தான் கைதாகிறார்கள். முன்பணம் போட்டவர் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார். இந்தியாவில் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்குகளில், 2018, 2021 போன்ற ஆண்டுகளின் தேசியக் குற்றப் பதிவேட்டைப் பார்த்தால், பாதிக்கும் மேல் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருந்தவர்கள் மேல் போடப்பட்டவை. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் புகைத்தும், கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.6 மடங்கு என்று அங்குள்ள குடிமை உரிமைச் சங்கம் கணக்கிட்டது. சோதனைக்கு நிறுத்தப்படுவது யார், விசாரித்து அனுப்பப்படுவது யார் என்று நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அப்படியானால் கடை திறந்துவிடலாமா? தமிழ்நாட்டில் இருந்துகொண்டு என்னால் ஆம் என்று சொல்ல முடியாது. 2003இல் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டபோது, கள்ளச்சாராயம் ஒழியும், தரமான சரக்கு கிடைக்கும் என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. டாஸ்மாக் வருமானம் 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். ஒரு போதைப்பொருளின் விற்பனையை வருமானமாக அரசு பழகிக்கொண்டால் குறைப்பதற்கான மனம் வராது என்பதை நாம் இருபதாண்டுகளாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கஞ்சா மதுவைவிட ஆபத்து குறைந்தது என்ற வாதம் உண்மையாகவே இருக்கலாம். மதுவோடு இன்னொன்றைச் சேர்க்க அது காரணமாகாது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி, 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 3 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியின் ஏதாவதொரு வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம். பாங் குடிப்பவர்களே எண்ணிக்கையில் அதிகம். சிக்கலுக்குள் விழுகிறவர்களின் விகிதம் கஞ்சா, சரஸ் பிடிப்பவர்களிடம் அதிகம். ஆக, இலைக்கும் பூவுக்கும் நடுவில் சட்டம் போட்ட கோட்டுக்கு மருத்துவ நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பூவைப் புகைத்துச் சிக்கலுக்குள் விழுந்த பையனுக்குச் சிறை எந்த வகையில் மருந்து என்பதற்குத்தான் யாரிடமும் பதில் கிடைக்கவில்லை. வழக்கு பதிவானால் அரசு வேலை, கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் படிப்பு எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகின்றன. சிறைக்குள் அவன் சந்திப்பது, வெளியே ஒருபோதும் சந்தித்திருக்க முடியாத பெரிய வியாபாரிகளின் ஆட்களை. மகனுக்கு உதவி தேடும் பெற்றோர் மருத்துவரிடம் போகவே பயப்படுகிறார்கள்.

64ஏ பிரிவு என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். காவல் நிலையத்தில் நிற்கும் பையனுக்கோ அவனுடைய அம்மாவுக்கோ அப்படியொரு பிரிவு இருப்பதை யார் எடுத்துச் சொல்வது? அடிமைப்படாதவனுக்கு அந்த வழியும் இல்லை. முற்றிய நோயாளிக்குக் கிடைக்கும் விலக்கு, ஒருமுறை இழுத்துப் பார்த்தவனுக்குக் கிடைக்காது.

போர்ச்சுகல் மாதிரியான மூவர் குழுவை மாவட்டத்துக்கு ஒன்றாக அமைக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது, சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வணிக அளவுக்கான தண்டனையில் கை வைக்கத் தேவையில்லை. 27ஆம் பிரிவையும் சிறிய அளவுக்கான சிறைத் தண்டனையையும் மட்டும் எடுத்தால் போதும். மருத்துவ ஆராய்ச்சிக்கும், நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடும் தொழில் சணல் என்ற கஞ்சாச் செடி வகைக்கும் சட்டத்திலேயே இடமிருக்கிறது. உத்தராகண்ட் 2018இலேயே போதையற்ற சணல் பயிருக்கு உரிமம் கொடுத்துவிட்டது.

இப்படியொரு யோசனை டெல்லிக்கும் புதிதில்லை. 2021 அக்டோபரில், மும்பையில் ஒரு நடிகரின் மகன் கைதான செய்தி நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிய அளவு வைத்திருப்பவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று மத்திய சமூகநீதி அமைச்சகம் பரிந்துரைத்தது. அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில் என்.டி.பி.எஸ். திருத்த மசோதா ஒன்று வந்தது, நிறைவேறவும் செய்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு உட்பிரிவின் எண் மாறியிருந்தது. அதைச் சுட்டும் இன்னொரு பிரிவில் பழைய எண்ணே தங்கிவிட்டது. அந்த எண்ணைச் சரிசெய்வதற்கான மசோதா அது. 27ஆம் பிரிவின் 6 மாதச் சிறை அப்படியே இருக்கிறது.